வியாதியை வசவாக்கும் அக்கிரமம்

காய்ச்சல் கண்டவனைப் பார்த்து, “அடே காய்ச்சல்காரா” என்று யாரும் வைவதில்லை. நீரிழிவு உள்ளவன் தெருவில் போனால் பிள்ளைகள் பின்னால் கூடிக் கல்லெறிவதில்லை. ஒருவனுக்கு இருதயம் பலவீனப்பட்டு விட்டது என்பதற்காக அவன் தங்கையின் கல்யாணம் நின்று போவதில்லை. கால் முறிந்தவனைக் கொண்டுபோய்த் தூணில் சங்கிலி போட்டுக் கட்டுவாரும் இல்லை. ஆனால் ஒரு மனிதனுக்கு மனத்தில் நோய் வந்துவிட்டால் மாத்திரம் அந்த நோயின் பெயரே வசவாகவும், அந்த நோயாளியே ஊருக்கு வேடிக்கையாகவும், அவன் குடும்பமே களங்கப்பட்டதாகவும் ஆகிவிடுகின்றது. இது ஏன் என்று நாம் கேட்கின்றோம். மூளையும் உடம்பைச் சேர்ந்த ஓர் உறுப்புத்தானே? குடலுக்கு நோய் வரலாம், கண்ணுக்கு நோய் வரலாம், மூளைக்கு மட்டும் வரக்கூடாது என்று யார் சட்டம் போட்டார்கள்?

நம் நாட்டார் ஒரு நாளைக்கு எத்தனை தடவை “பைத்தியம்” என்கின்ற சொல்லை வாயில் போட்டு மெல்லுகின்றார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கணக்குத் தவறிய குமாஸ்தா பைத்தியம்; கடன் கேட்டவன் கிறுக்கன்; குழம்பில் உப்புப் போட மறந்தவள் லூசு; பாடம் ஒப்பிக்காத பையன் மெண்டல்; வித்தியாசமாய் உடுத்தினவன் மரை கழன்றவன். தகப்பன் மகனை வைகிறான், வாத்தியார் மாணவனை வைகிறார், முதலாளி கூலிக்காரனை வைகிறான். சினிமாக்காரர்களோ, கதை ஓடாத இடத்தில் நாலு மனநோயாளிகளைக் கொண்டுவந்து நிறுத்திக் குதிக்கச் செய்து காசு பார்க்கின்றார்கள். கதாநாயகிக்கு அறிவு குறைவென்று காட்டினால்தான் அழகு என்பது வேறு அவர்களுடைய சித்தாந்தம்.

“இதெல்லாம் விளையாட்டுப் பேச்சு, இதற்குப் போய் ஒரு வியாசமா?” என்று சிலர் கேட்பார்கள். வார்த்தை அற்பமானதுதானா என்பதை அனுபவத்தில் பார்ப்போம்.

ஒரு கிராமத்தில் இருபது வயது வாலிபன் ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் தூக்கம் இல்லை. யாரும் பேசாதபோது காதில் குரல் கேட்கின்றது. யாரோ தன்னைப் பின்தொடர்வதாகத் தோன்றுகின்றது. வயிற்றுவலி என்றால் தாயிடம் சொல்லி இருப்பான். இதை அவன் சொல்லுவானா? சொன்னால் என்ன பெயர் கிடைக்கும் என்பது அவனுக்குத் தெரியும். பிறந்தது முதல் அந்தப் பெயரைக் கேட்டுத்தானே வளர்ந்தான்! அவனே எத்தனையோ பேரை அந்தப் பெயர் சொல்லிச் சிரித்திருப்பான். ஆகவே வாயை மூடிக்கொள்ளுகின்றான். ஆறு மாதம் போகின்றது. வீட்டாருக்குத் தெரிகின்றது. அவர்களும் வாயை மூடிக்கொள்ளுகின்றார்கள். ஏனென்றால் வீட்டில் கல்யாணமாகாத பெண் ஒருத்தி இருக்கின்றாள். “பைத்தியக்காரன் வீடு” என்று பெயர் வந்துவிட்டால் அந்த வாசலில் எவன் பெண் கேட்டு வருவான்? வைத்தியரிடம் போனால் ஊருக்குத் தெரியும்; போகாவிட்டால் நோய் முற்றும். நோய் முற்றட்டும், மானம் போகாமல் இருந்தால் சரி என்று முடிவு செய்கின்றார்கள். மருந்துக்கும் நோயாளிக்கும் நடுவில் இங்கே குறுக்கே நிற்பது எது? பணமில்லாமை ஒன்று, வைத்தியர்கள் குறைவாய் இருப்பது ஒன்று, இவை இரண்டுக்கும் முன்னால் வாசற்படியிலேயே நிற்பது இந்த ஒரு வார்த்தை.

இது நம் கற்பனை அல்ல. பெங்களூர் நிமான்ஸ் ஸ்தாபனத்தார் 2015-16ல் தமிழ்நாடு உட்பட 12 மாகாணங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தவர்களில் நூற்றுக்கு 10.6 பேருக்கு ஏதேனும் ஒருவகை மனநோய் இருக்கின்றது. அதாவது பத்துப்பேர் கூடின இடத்தில் ஒருவர். ஆனால் நோயின் தன்மைக்குத் தக்கபடி நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறாமலே இருக்கின்றார்கள் என்று அதே கணக்கு சொல்லுகின்றது. ஆகவே நாம் பத்துப்பேர் நடுவில் நின்று “பைத்தியம்” என்று சொல்லிச் சிரிக்கும்போது, கேட்கின்றவர்களில் ஒருவர் நோயாளியாகவோ, நோயாளியின் தாயாகவோ, அண்ணனாகவோ இருக்கின்றார். அவரும் நம்மோடு சேர்ந்து சிரிக்கத்தான் செய்வார். வீட்டுக்குப் போய் இன்னும் ஒரு தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளுவார்.

இந்தத் தாழ்ப்பாளுக்குப் பின்னால் நடப்பது பெரும்பாலும் பெண்களைத்தான் அதிகம் வதைக்கின்றது. பையனுக்குப் புத்தி தடுமாறினால், “ஒரு கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாய்ப் போய்விடும்” என்பது நம் பெரியவர்களுடைய வைத்தியம். ஒன்றும் அறியாத ஒரு பெண்ணை மருந்தாக அரைத்துக் கொடுப்பதற்கு இந்த நாட்டில் கல்யாணம் என்று பெயர். பெண்ணுக்கே நோய் வந்தாலோ, “அவள் பிறந்த வீட்டுக்கே போகட்டும்” என்பது தீர்ப்பு. மேல்நாட்டானும் இதில் யோக்கியன் அல்ல. பெண்களின் மனக்கோளாறுக்கு ‘ஹிஸ்டீரியா’ என்று கர்ப்பப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்து, பெண்ணாய்ப் பிறந்ததே நோய்க்குக் காரணம் என்று அவன் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தான்.

நிற்க, நம்மவர்களிடம் வசவுச் சொற்கள் போதாதென்று இன்னொரு வகைச் சொற்களும் இருக்கின்றன. பேய் பிடித்தது, காற்றுக் கருப்பு அடித்தது, செய்வினை வைத்துவிட்டார்கள், தெய்வக் குற்றம், முற்பிறப்புக் கர்மம் என்பவை அவை. பைத்தியம் என்று சொல்லுவது நோயாளியை மட்டும் அவமானப்படுத்துகின்றது. இந்தச் சொற்களோ நோயாளியைப் பூசாரி கையில் பிடித்துக் கொடுக்கின்றன. பேய் என்று பெயர் வைத்துவிட்டால் வேப்பிலையும் பிரம்பும் மருந்தாகிவிடுகின்றன. அடிபட்டு அலறினால் பேய் அலறுகின்றது என்பார்கள். அடி தாங்காமல் மயங்கி விழுந்தால் பேய் இறங்கிவிட்டது என்பார்கள். இரண்டு விதத்திலும் பூசாரிக்குத் தட்சணை நிச்சயம். கர்மம் என்று பெயர் வைத்துவிட்டாலோ, நோயாளியே குற்றவாளி ஆகிவிடுகின்றான். சென்ற ஜன்மத்தில் செய்த பாவத்துக்குத் தண்டனை அனுபவிக்கிறவனிடம் இரக்கம் எதற்கு என்று பக்கத்து வீட்டுக்காரன் நிம்மதியாய்ச் சாப்பிட்டுத் தூங்கலாம்.

இதில் உள்ள வேடிக்கையையும் பாருங்கள். திருவிழாவில் ஒருத்தி தலைவிரித்து ஆடினால் அவளுக்குச் சாமி வந்திருக்கின்றது. கற்பூரம் காட்டிக் காலில் விழுகின்றார்கள். அதே பெண் மறுநாள் வீட்டில் அதேபோல் ஆடினால் பேய் பிடித்திருக்கின்றது, கட்டிப்போட்டு அடிக்கின்றார்கள். சிவனுக்குப் ‘பித்தன்’ என்று ஒரு பெயர். அந்தப் பெயர் சொல்லி அவனைக் கும்பிடுகின்றவர்கள், கோயிலை விட்டு வெளியே வந்து வாசலில் உட்கார்ந்திருக்கின்ற உண்மையான பித்தனை விரட்டுகின்றார்கள். சாமிக்கு வந்தால் திருநாமம், மனிதனுக்கு வந்தால் வசவு. இது என்ன நியாயம்?

உண்மையில் பார்க்கப் போனால் ‘பித்து’ என்பதும் ‘பைத்தியம்’ என்பதும் பித்தம் என்பதை ஒட்டி வந்த சொற்களே. உடம்பில் பித்தம் மிஞ்சினால் புத்தி கலங்கும் என்று அக்காலத்து வைத்தியன் எண்ணினான். அவன் சொன்ன காரணம் தவறு என்று இன்று நமக்குத் தெரியும். என்றாலும் அவன் இதைப் பேய் என்று சொல்லாமல் உடம்பின் கோளாறு என்றும், மருந்துக்கு உரியது என்றும் நினைத்தானே, அந்த மட்டில் அவன் பூசாரியைவிடப் பலமடங்கு மேலானவன். நோய்க்குப் பெயராய் இருந்த சொல்லை வசவாக்கியது பின்னால் வந்தவர்களின் கைங்கரியம்.

இந்த வார்த்தைகளெல்லாம் கடைசியில் எங்கே கொண்டுபோய் விடுகின்றன என்பதற்கு ஏர்வாடி ஒன்றே போதும். 2001ம் வருஷம் ஆகஸ்ட் மாதம் 6ந் தேதி விடியற்காலையில், இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் தர்காவை அண்டிப் பிழைத்த தனியார் மனநோய் விடுதி ஒன்றில் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓடுவதற்குக் கால் இருந்தும் ஓட முடியாமல் 28 பேர் எரிந்து செத்தார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் எதிரிகள் அல்ல. தாய் தகப்பன், அண்ணன் தம்பிமார்தான். நோய் என்று சொல்லியிருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள். பேய் என்றும் சூனியம் என்றும் பெயர் வைத்ததால் தர்காவுக்குப் போனார்கள். பைத்தியம் என்று ஊர் சிரிக்குமே என்ற பயத்தால் அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். நெருப்பு அன்றைக்குத்தான் பிடித்தது. சங்கிலியை அதற்கு வெகுகாலம் முன்பே ஊரார் நாக்கு அடித்து வைத்துவிட்டது. இதில் முஸ்லிம் தர்கா என்றும், இந்துக் கோயில் என்றும், கிறிஸ்தவ மாதா கோயில் என்றும் நாம் வித்தியாசம் பார்க்கவில்லை. ஏர்வாடிக்கு எல்லா மதத்தாரும்தான் போனார்கள். மற்றக் காரியங்களில் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ளும் மதங்கள் இந்த ஒரு வியாபாரத்தில் மாத்திரம் சமரச சன்மார்க்கம் நடத்துகின்றன.

ஏர்வாடி எரிந்த பிறகாவது நாக்கு அடங்கிற்றா? “உன்னை ஏர்வாடியில் கொண்டுபோய் விடவேண்டும்” என்பது இன்றும் வேடிக்கைப் பேச்சாகவே இருக்கின்றது. சென்னைக்காரனுக்குக் கீழ்ப்பாக்கம் என்றால் போதும், சிரிப்பு வந்துவிடும். கீழ்ப்பாக்கத்தில் சிரிக்க என்ன இருக்கின்றது? 1794ல் சென்னையில் ஏற்பட்ட பைத்தியக்கார விடுதி 1871ல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது; 1922ல் அது சர்க்கார் மனநோய் ஆஸ்பத்திரி என்று பெயர் மாறியது; இன்று மனநலக் கழகமாய் இருக்கின்றது. டாக்டர் சாரதா மேனன் போன்ற ஓர் அம்மையார் 1961 முதல் 1978 வரை அதன் தலைமையில் இருந்து நோயாளிகளுக்கு உழைத்தார். அந்த வாசலை மிதித்துக் குணமாகித் திரும்பி வேலைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். கண்ணாஸ்பத்திரி இருப்பதால் எழும்பூரைப் பார்த்து யாராவது சிரிக்கின்றார்களா? ஆஸ்பத்திரிக்காரர்கள் பலகையை மாற்றிக்கொண்டே வருகின்றார்கள். நாம் பழைய பலகையை நாக்கில் எழுதி வைத்துக்கொண்டிருக்கின்றோம். ஓர் ஊரின் பெயரையே வசவாக்கி, அங்கே போகவேண்டியவனைப் போகவிடாமல் செய்கின்றோம்.

போய்த் திரும்பினவனையாவது விடுகின்றோமா? “பைத்தியம் தெளிந்தது, உலக்கையை எடு, கோவணம் கட்டிக்கொள்ளுகிறேன்” என்று ஒரு பழமொழி செய்து வைத்திருக்கின்றோம். இதன் அர்த்தம் என்ன? இந்த நோய் ஒருநாளும் தெளியாது. தெளிந்தேன் என்று நோயாளி சொன்னால் அதுவே தெளியாததற்கு அத்தாட்சி என்பதுதான். இதைவிடப் பெரும் பொய் இல்லை. 1950களிலிருந்து இந்த நோய்களுக்கு நல்ல மருந்துகள் வந்திருக்கின்றன. மனச்சோர்வு நோய்க்காரர்கள் மருந்தாலும், முறையாய்ப் பேசிச் செய்யும் சிகிச்சையாலும் குணமடைகின்றார்கள். கடுமையான மனச்சிதைவிலும் பலர் பெரிதும் தேறிச் சம்பாதித்துக் குடும்பம் நடத்துகின்றார்கள். சிலர் நீரிழிவுக்காரரைப்போல் நெடுங்காலம் மருந்து சாப்பிட வேண்டியிருக்கின்றது. அவ்வளவுதான் வித்தியாசம். இருந்தும் தேறி வந்தவன் கோபப்பட்டால் “பழையபடி ஆரம்பித்துவிட்டான்” என்கின்றோம். சிரித்தால் “பார், தானாய்ச் சிரிக்கிறான்” என்கின்றோம். மற்றவர்களுக்கெல்லாம் உள்ள கோபமும் சிரிப்பும் அவனுக்கு மாத்திரம் விலக்கப்பட்டுவிடுகின்றன.

சர்க்காருடைய பாஷையும் இந்த வகையில் சுத்தமானதல்ல. 1912ல் வெள்ளைக்காரன் செய்த சட்டத்துக்கு இந்திய லூனசிச் சட்டம் என்று பெயர். லூனா என்றால் லத்தீனில் சந்திரன். நிலவு வளர்ந்தால் புத்தி தேயும் என்று நம்பின மேல்நாட்டு மூடநம்பிக்கைதான் அந்தப் பெயர். நம்மவர் அமாவாசையையும் பௌர்ணமியையும் சொல்லிக்கொண்டிருக்க, அவன் அதையே சட்டப் புஸ்தகத்தில் ஏற்றிவிட்டான். அது 1987 சட்டம் வருகின்ற வரையில் இருந்தது. 2017ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று தடுக்கின்றது. உடல் நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் கொடுக்கவேண்டும் என்கின்றது. நல்லது. ஆனால் அரசியல் சட்டத்தின் 102வது, 326வது பிரிவுகளில் ‘சித்த சுவாதீனம் இல்லாமை’ என்கின்ற பழைய சொல் இன்றும் இருக்கின்றது. அது எந்த நோய், எவ்வளவு காலம், குணமானால் என்ன என்கின்ற விளக்கம் அந்தப் பிரிவுகளில் இல்லை. சட்டமே இப்படிப் பேசினால் சாவடியில் பேசுகிறவனை என்ன சொல்லுவது?

இனி, புதிதாக ஒரு வசவு பத்திரிகைக்காரர்களால் பரப்பப்படுகின்றது. ஒருவன் பெண்ணைக் கெடுத்துக் கொன்றால் அவன் ‘சைக்கோ’. ஒருவன் கொடுங்கோல் நடத்தினால் அவன் ‘மெண்டல்’. இதனால் விளைவது என்ன? அயோக்கியனுக்கு நோயாளி என்கின்ற அனுதாபமும், நோயாளிக்கு அயோக்கியன் என்கின்ற பெயரும் கிடைக்கின்றன. ஜாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட மகளைக் கொல்லுகின்ற தகப்பனுக்கு என்ன மூளைக்கோளாறு? நாள் பார்க்கிறான், ஆள் பிடிக்கிறான், கத்தி தேடுகிறான், வக்கீலுக்குப் பணம் எடுத்து வைக்கிறான். அவன் மூளை நன்றாகவே வேலை செய்கின்றது. அவனைக் கொலைகாரனாக்கினது ஜாதி, நோய் அல்ல. மனநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் ஒருவரையும் தொடமாட்டார்கள். பிறரிடம் அடிபடுகின்றவர்களாகவே இருக்கின்றார்கள் என்பதை வைத்தியர்கள் கண்டு சொல்லியிருக்கின்றார்கள்.

இந்த இடத்தில் நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மேடையேறிப் பேசும் தோழர்கள் சிலர், மண்சோறு தின்பவனையும் தீ மிதிப்பவனையும் “மதப் பைத்தியங்கள்” என்று சொல்லிக் கைதட்டல் வாங்குகின்றார்கள். இது தவறு என்பதோடு நம் கொள்கைக்கே விரோதமும் ஆகும். தீ மிதிக்கின்றவன் புத்தி சுவாதீனமுள்ளவன். ஆதலால்தான் அவனோடு வாதாட முடிகின்றது. ஆதலால்தான் நாம் பிரசாரம் செய்கின்றோம். அவனுக்குச் சிறு பிராயம் முதல் பொய் கற்பிக்கப்பட்டது. அந்தப் பொய்யால் பிழைக்கின்றவன் ஒருவன் இருக்கின்றான். பைத்தியம் என்று சொல்லிவிட்டால் கற்பித்தவனும் தப்பிவிடுகின்றான், பிழைக்கின்றவனும் தப்பிவிடுகின்றான், கஷ்டப்படுகின்ற நோயாளி மட்டும் அடி வாங்குகின்றான். பிறப்பால் ஒருவனை இழிவு சொல்லக்கூடாது என்று போராடுகின்றவர்கள், நோயால் ஒருவனை இழிவு சொல்லலாமா? ‘சண்டாளன்’ என்று ஒரு ஜனசமூகத்தின் பெயரையே வசவாக்கி வைத்த அதே புத்திதானே ‘பைத்தியக்காரன்’ என்பதையும் வசவாக்கியது?

‘கோழை’ என்று இன்னொரு சொல். உயிரை மாய்த்துக்கொண்டவனைப் பற்றி, “கோழை, அவ்வளவுதான்” என்று ஒரே வார்த்தையில் ஊர் பைசல் செய்கின்றது. 2022ம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் 1,70,924 பேரும், தமிழ்நாட்டில் 19,834 பேரும் தற்கொலையால் இறந்ததாகச் சர்க்கார் கணக்கு சொல்லுகின்றது. இத்தனை பேரும் கோழைகள்தானா? கடன், வரதட்சணை, பரீட்சை, குடி, நோய், சோர்வு இவற்றையெல்லாம் விசாரிக்கச் சோம்பிக்கொண்டு ஒரு வசவால் கணக்கை முடிக்கின்றோம். 2017 சட்டம், சாக முயன்றவரைக் கடும் மனநெருக்கடியில் இருந்தவராகவே கருதவேண்டும் என்று சொல்லிவிட்டது. சட்டம் இவ்வளவு தூரம் வந்த பிறகும் நம் நாக்கு வர மறுப்பானேன்? கோழை என்ற பெயருக்குப் பயந்து, சாகத் தோன்றுகிறது என்பதை எவரிடமும் சொல்லாமலே எத்தனை பேர் போய்விடுகின்றார்கள்!

“வார்த்தையை மாற்றினால் வியாதி போய்விடுமா?” என்று சில புத்திசாலிகள் கேட்கலாம். போகாது. போகும் என்று நாமும் சொல்லவில்லை. வியாதி போவதற்கு வைத்தியர் வேண்டும், மருந்து வேண்டும், சர்க்கார் பணம் ஒதுக்க வேண்டும். ஆனால் வைத்தியரிடம் போவதற்கு வார்த்தை வழிவிட வேண்டும். ஜப்பான் தேசத்தில் மனச்சிதைவுக்கு ‘மனம் பிளந்த நோய்’ என்று பெயர் இருந்தது. அந்தப் பெயருக்குப் பயந்து வைத்தியர்களே நோயாளியிடம் நோய் இன்னதென்று சொல்லாமல் மறைத்து வந்தார்கள். நோயாளிகளின் குடும்பத்தார் சங்கம் 1993ல் முறையிட்டதன்பேரில், 2002ல் ‘ஒருங்கிணைப்புக் குலைவு’ என்னும் பொருள்படப் பெயரை மாற்றினார்கள். அதற்கு முன் நூற்றுக்கு 37 நோயாளிகளிடம் சொல்லப்பட்ட உண்மை, மூன்று வருஷத்திற்குள் 70 பேரிடம் சொல்லப்பட்டது. நோய் இன்னதென்று தெரிந்தால்தானே நோயாளி தன் சிகிச்சையில் தானும் பங்கெடுப்பான்? நம் மொழியில் உள்ள ‘மனச்சிதைவு’ என்பதும் அந்தப் பழைய ஜப்பானியப் பெயரின் அண்ணன் தம்பிதான். சிதைந்தது என்று சொன்னால் இனி ஒட்டாது என்றல்லவா நோயாளி நினைப்பான்? வைத்தியர்களும் சொல்லாக்கம் செய்பவர்களும் இதை யோசிக்கவேண்டும். நொண்டி, குருடு என்றெல்லாம் சர்வசாதாரணமாய்ச் சொல்லிக்கொண்டிருந்த இந்த நாட்டில் மாற்றுத்திறனாளி என்கின்ற சொல் பிள்ளைகள் வாயிலும் வந்துவிடவில்லையா? மனமிருந்தால் நாக்கு திரும்பும்.

ஆகவே நாம் சொல்லுவது இவ்வளவே. கோபம் வந்தால் கோபத்துக்குரிய காரியத்தைச் சொல்லி வையுங்கள். பொய்யனைப் பொய்யன் என்றும், சோம்பேறியைச் சோம்பேறி என்றும், அயோக்கியனை அயோக்கியன் என்றும் சொல்லத் தமிழில் வார்த்தைப் பஞ்சம் இல்லை. வாத்தியார்கள் வகுப்பில் இந்த வசவை விட்டு முன்னே வழிகாட்டட்டும். பத்திரிகைக்காரர்கள் ‘சைக்கோ’ என்று தலைப்புப் போடுவதை நிறுத்தட்டும். வீட்டில் ஒருவருக்குத் தூக்கம் கெட்டு, பேச்சு மாறி, தனிமையில் ஒதுங்கத் தொடங்கினால் பூசாரியையும் தர்காவையும் தேடாமல், ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரியில் உள்ள மனநல வைத்தியரிடம் பகிரங்கமாய் அழைத்துப் போங்கள். 2022ல் சர்க்கார் ஏற்படுத்திய டெலி மானஸ் என்னும் இலவசத் தொலைபேசி இருக்கின்றது. 14416 என்ற எண்ணைக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம். தேறி வந்தவனுக்கு வேலை கொடுங்கள். அவன் வீட்டில் பெண் எடுங்கள், கொடுங்கள்.

சங்கிலியைச் சட்டம் தடுத்துவிட்டது. நாக்கைத் தடுக்கச் சட்டம் கிடையாது. அதை அவரவர்தான் தடுத்துக்கொள்ள வேண்டும்.